ஸ்டியரிங் யார் கையில்? வியட்நாம் பெண்களும் ஐம்பது குதிரைத்திறனும்

ஹனோய் போக டிக்கெட் போட்டுவிட்டு, அங்கே என்ன பார்க்கலாம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஹா லாங் விரிகுடா, வீடுகளை உரசிக்கொண்டு ரயில் போகும் தெரு, முட்டைக் காபி என்று நீளும் வரிசையில் கட்டாயம் ஒரு ஜீப்பும் வந்து நிற்கும். மேலே கூரை இல்லாத பழைய ராணுவ ஜீப். பின்னணியில் பச்சை வயல். முன்சீட்டில் ஒரு பெண். 'பெண்கள் தலைமையில் கிராமப்புற ஜீப் பயணம்' என்று விளம்பரம் சொல்லும். ஹோ சி மின் நகரில் இதற்கே ஸ்கூட்டர் வடிவம் உண்டு. ஆவோ தாய் எனும் நீள அங்கி அணிந்த பெண்கள் வண்டி ஓட்ட, பயணி பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றலாம்.

இதைப் பார்த்ததும், 'பரவாயில்லையே, பெண்கள் இப்பத்தான் இந்த வேலைக்கெல்லாம் வர ஆரம்பிச்சிருக்காங்க போல' என்றுதான் தோன்றும். என்னோடு வேலை செய்யும் நண்பர்களும் அதையே சொன்னார்கள். எனக்குப் படித்த வரையில் கதை வேறு மாதிரி இருக்கிறது. வியட்நாமில் பெண்கள் வண்டி ஓட்டுவது புதிதில்லை. வழி காட்டுவதும் புதிதில்லை. அமைதிக் காலத்தில், சம்பளத்துக்கு, தன் விருப்பத்தின்பேரில் அதைச் செய்வதுதான் புதிது. நடுவில் சில காலம் சட்டமே அவர்களைச் சில வண்டிகளிலிருந்து இறக்கியும் விட்டிருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கோத்துப் பார்க்கலாம்.

இரண்டு வம்சத்து வண்டிகள்

பொறியியல் படித்தவனுக்கு முதலில் வண்டிதான் கண்ணில் படும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பயணங்களில் ஓடும் ஜீப்புகளில் இரண்டு வம்சம் உண்டு. ஒன்று அமெரிக்க எம்151. பார்க்க நம்மூர் மகிந்திரா ஜீப்பின் தம்பி போல இருக்கும், ஆனால் ரத்த சம்பந்தம் கிடையாது. மகிந்திரா ஜீப் வில்லிஸ் வழி வந்தது. எம்151 என்பது ஃபோர்டு நிறுவனம் 1950களில் முதலிலிருந்து புதிதாக வரைந்த வண்டி. தனியாக சேஸிஸ் இல்லை, உடலும் சட்டமும் ஒன்றே. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நான்கு சிலிண்டர், 71 குதிரைத்திறன். வளைவில் வேகமாகத் திருப்பினால் குப்புறக் கவிழும் என்ற கெட்ட பெயரும் அதற்கு இருந்தது. 1970இல் வந்த ஏ2 மாடலில்தான் பின்பக்க சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். உயரம் குறைச்சல் என்பதால் வியட்நாமியர் இதை 'ஜீப் லுன்', அதாவது குள்ள ஜீப், என்று கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு வம்சம் சோவியத் நாட்டின் யுவாஸ்-469. 1972இல் உற்பத்திக்கு வந்தது, 75 குதிரைத்திறன்.

ஒன்று தோற்ற தரப்பின் வண்டி, மற்றது வென்ற தரப்பின் வண்டி. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தபோது தென் வியட்நாம் ராணுவத்தின் வாகனங்கள் மொத்தமாக வென்றவர்கள் கைக்கு வந்தன. வடக்கின் மீது ஏற்கெனவே இருந்த அமெரிக்க வர்த்தகத் தடை அதே ஆண்டு முழு நாட்டுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் நீக்கும் வரை அது தொடர்ந்தது. அதாவது, ஏறத்தாழ இருபது வருடம் ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் நேர்வழியில் வர வாய்ப்பில்லை. இன்றைக்கும் இந்த வண்டிகள் உறுமிக்கொண்டு ஓடுகின்றன என்றால், உள்ளூர் மெக்கானிக்குகளின் கைத்திறமைதான் காரணம்.

ஆற்றைத் தாண்டினால்

ஹனோயிலிருந்து கிளம்பும் அரைநாள் பயணம் ஒன்றில் குடும்பத்தோடு போயிருக்கிறேன். வழிகாட்டி இருபதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெண். நகரத்தின் பழைய தெருக்களைச் சுற்றிவிட்டு, சிவப்பு ஆற்றைக் கடந்து மறுகரைக் கிராமங்களுக்குப் போவதுதான் இந்தப் பயணங்களின் வழக்கமான தடம்.

ஆற்றைக் கடக்கும்போது பக்கத்திலேயே துருப்பிடித்த இரும்புப் பாலம் ஒன்று தெரியும். லாங் பியன் பாலம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1902இல் திறந்தது, அப்போதைய பெயர் பால் டூமேர் பாலம். 1967இலும் 1972இலும் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி இதன் கண்களை உடைத்தன, இவர்கள் மறுபடி மறுபடி ஒட்டுப் போட்டார்கள். இப்போது ரயிலும் இருசக்கர வண்டிகளும் நடப்பவர்களும் மட்டுமே அதில் போகலாம். கார், ஜீப்புக்கெல்லாம் 1985இல் திறந்த சுவோங் ஸுவோங் பாலம்தான் வழி.

ஆற்றைத் தாண்டியதும் அணைக்கரைச் சாலை வரும். நம் ஊர் ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது அதைவிடப் பல மடங்கு நீளம். ஹனோய்ப் பக்கம் கரை கட்டியதற்கான பழைய குறிப்பு 1108ஆம் ஆண்டு, லீ வம்சத்துக் காலம். கரையின் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயலும் வீடும். வெள்ளக் காலத்தில் ஆற்றின் மட்டம் வீடுகளின் தரைமட்டத்தைவிட மேலே நிற்கும். 1971 ஆகஸ்டில் கரை உடைந்து பெருவெள்ளம் வந்தது. அடுத்த கோடையிலேயே கரைகளின் மீது குண்டு விழுகிறது என்று வட வியட்நாம் உலகத்திடம் முறையிட்டது. வேண்டுமென்று அடிக்கவில்லை என்று அமெரிக்க அரசு பதில் சொன்னது. யார் சொன்னதை நம்பினாலும், விழுந்த குழியை மண் கொட்டி மூடியாக வேண்டும். ஆண்கள் பெரும்பகுதி தெற்கே போர்முனையில். மண் சுமந்தவர்களில் பெண்கள்தான் அதிகம்.

எங்கள் வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். 'எங்க பாட்டியும் இந்தக் கரைக்கு மண் சுமந்தவங்க' என்றார், அவ்வளவுதான். பிறகு பாட் ட்ராங் கிராமம், மண்பாண்டச் சூளை, ஐந்நூறு வருடத்துக்கும் மேலான பீங்கான் தொழில், சாப்பாடு. பயணம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ஊர் திரும்பி அதைத்தான் நோண்டினேன்.

வெள்ளைச் சட்டை

1959 மே மாதம் வட வியட்நாம் ராணுவம் '559' என்ற பிரிவைத் தொடங்கியது. ட்ரூவாங் சோன் மலைத்தொடர் வழியாகத் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பும் பாதையை உருவாக்குவது அதன் வேலை. உலகம் இதை ஹோ சி மின் பாதை என்கிறது. பெயர்தான் பாதை, உண்மையில் அது லாவோஸ் காட்டுக்குள்ளும் புகுந்து போன நூற்றுக்கணக்கான மண்சாலைகளின் வலை. மேலிருந்து குண்டு விழுந்துகொண்டே இருக்கும். பகலில் வண்டி ஓட்ட முடியாது. இரவில் முன்விளக்குப் போட்டால் விமானத்துக்குத் தெரிந்துவிடும். வண்டியின் வயிற்றுக்குக் கீழே மட்டும் மங்கலாக ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் டிரைவருக்குச் சில அடி தூரம்தான் தெரியும். நேற்று இல்லாத பள்ளம் இன்றைக்கு இருக்கும்.

இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். 'தன்னார்வ இளைஞர் படை' என்று ஓர் அமைப்பு இருந்தது. ராணுவம் இல்லை, சாலை போடுவதும் குழி மூடுவதும் வெடிக்காத குண்டுகளைக் கண்டுபிடித்துக் குறி வைப்பதும் அவர்கள் வேலை. இதில் பதின்ம வயதைத் தாண்டாத, அல்லது அப்போதுதான் தாண்டிய பெண்கள் ஏராளம். இரவானதும் அவர்கள் வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு பள்ளத்தின் விளிம்பிலும் சாலையின் ஓரத்திலும் வரிசையாக நிற்பார்கள். இருட்டில் வெள்ளைத் துணி தெரியும். அதைப் பார்த்து டிரைவர் வண்டியைத் திருப்புவார். வியட்நாம் மொழியில் இதற்குப் பெயரே 'உயிருள்ள அடையாளக் கம்பம்' என்கிற பொருளில்தான் இருக்கிறது. டிரைவருக்குத் தெரியும் வெள்ளை, தாழப் பறக்கும் விமானத்துக்கும் தெரியும். அது தெரிந்துதான் நின்றார்கள்.

வியட்நாமில் வண்டிகளுக்கு வழி காட்டிய பெண்கள் என்றால் என் கணக்கு இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1968 ஜூலை 24. ஹா டின் மாகாணத்தில் டோங் லோக் என்ற முச்சந்தி. தெற்கே போகும் வண்டிகள் அதைத் தாண்டாமல் போக முடியாது என்பதால் அமெரிக்க விமானங்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அடித்தன. அன்று பிற்பகல் குழி மூடும் வேலையில் இருந்த பத்துப் பெண்கள் ஒரே குண்டில் இறந்தார்கள். வயது 17 முதல் 24 வரை. குழுத்தலைவி வோ தி தானுக்குத்தான் 24. பத்துப் பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் பத்துக் கல்லறைகளும் நினைவிடமும் இருக்கின்றன. கும்பிட வருகிறவர்கள் சீப்பும் சின்னக் கண்ணாடியும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஏர், பிறகு லாரி

வடக்கு வியட்நாமின் நெல் வேளாண்மையிலும் நமக்குப் பழக்கமான பங்கீடுதான். ஏர் ஆணுடையது, நடவு பெண்ணுடையது. 1965 மார்ச்சில் அமெரிக்கா வடக்கின் மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியது. அதே மாதம் வியட்நாம் மகளிர் சங்கம் 'மூன்று பொறுப்புகள்' என்ற இயக்கத்தை அறிவித்தது. உற்பத்தியில் ஆணின் இடத்தை நிரப்புவது, குடும்பத்தைக் கவனிப்பது, தேவைப்பட்டால் போரிடுவது. ஏர் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்த ஊர்களில் பெண்கள் ஏர் உழக் கற்றுக்கொண்டார்கள். மூன்று பொறுப்புகளில் 'குடும்பம்' நடுவில் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். பழைய சுமை இறங்கவில்லை, மேலே இரண்டு ஏறியது.

ஏருக்கு அடுத்தது லாரி. 1968 கடைசியில், டிரைவர்கள் போதாமல், ட்ரூவாங் சோன் பாதைக்கென்று பெண் ஓட்டுநர் அணி ஒன்றை அமைத்தார்கள். தெற்கைச் சேர்ந்த வீராங்கனை நுயென் தி ஹானின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாற்பது பேர் சுமார். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயது. சில வாரப் பயிற்சிதான், அதற்குப் பிறகு நேராகப் பாதை. தெற்கு நோக்கிச் சரக்கு, திரும்பும்போது காயம்பட்டவர்கள். டயர் பஞ்சர் ஆனாலும், சேற்றில் புதைந்தாலும் அவர்களே இறங்கிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வட வியட்நாமில் ஓடிய சோவியத் காஸ்-51 லாரிக்கு 70 குதிரைத்திறன். பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது, உடம்பு வலுவால்தான் சக்கரம் திரும்பும்.

தெற்கிலும் இதே கதைதான், வடிவம் வேறு. 1960 ஜனவரியில் பென் ட்ரே மாகாணத்தில் நடந்த எழுச்சியை நடத்தியவர்களில் முக்கியமானவர் நுயென் தி டின். 1965இல் தெற்கு விடுதலைப் படையின் துணைத் தளபதி ஆனார். அவருடைய பெண்கள் அணிக்கு 'நீள்கூந்தல் படை' என்று பெயர்.

எழுபத்தேழு வேலைகள்

போர் முடிந்தது. ஆண்களில் பலர் திரும்பவில்லை. காட்டிலிருந்து திரும்பிய பெண்கள் பலருக்கு மலேரியா, முடி உதிர்ந்த தலை, ஊர்க் கணக்கில் கல்யாண வயது தாண்டிய உடம்பு. நிறையப் பேர் தனியாகவே இருந்துவிட்டார்கள். சிலர் கல்யாணம் செய்யாமலே ஒரு பிள்ளை பெற்று வளர்த்தார்கள். ஊர் முதலில் முகம் சுளித்தது, பிறகு விட்டுவிட்டது. 1986 குடும்பச் சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்து பெற்றோரால் ஏற்கப்பட்ட பிள்ளைக்கும் சம உரிமை என்றது. இளைஞர் படை ராணுவக் கணக்கில் வராது என்பதால் உதவித்தொகையும் சுலபமாக வரவில்லை. அவர்களுக்கான சலுகைகளைச் சொல்லும் பிரதமர் ஆணை ஒன்று 1999இல் வந்தது. போர் முடிந்து 24 வருடம்.

இதற்கு நடுவில் 1994இல் நாட்டின் முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. கடினமான, ஆபத்தான, கருவுறும் திறனைப் பாதிக்கும் வேலைகளில் பெண்களை வைக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. எந்தெந்த வேலை என்று அமைச்சகம் பட்டியல் போடும். 2013இல் வெளியான பட்டியலில் 77 வேலைகள். அதில் ஒன்று, 50 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள விவசாய டிராக்டரை ஓட்டுவது.

இந்த இடத்தில் நான் சும்மா ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன், தொழில் பழக்கம். காஸ்-51 லாரி: 70. எம்151 ஜீப்: 71. யுவாஸ்: 75. அமைதிக் காலத்தில் டிராக்டருக்குச் சட்டம் வைத்த வரம்பு: 50. டிராக்டர் வரி டிராக்டருக்குத்தான், ஜீப்புக்கு இல்லை. ஆகவே இது சட்டப்படியான ஒப்பீடு ஆகாது. ஆனாலும் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி வருகிறது. பதினெட்டு வயசுப் பெண் விளக்கில்லாத காட்டுப்பாதையில் குண்டுகளுக்கு நடுவே எழுபது குதிரைத்திறன் லாரி ஓட்டலாம். அவளுடைய பேத்தி, பகல் வெளிச்சத்தில், சொந்த ஊர் வயலில் ஐம்பது குதிரைத்திறன் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டக் கூடாது. எந்தக் கணக்கு இது?

சட்டம் போட்டவர்களின் நோக்கம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு கெட்டுத் திரும்பிய ஒரு தலைமுறையைப் பார்த்த நாடு அது. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தது என்னவென்றால், இயந்திரம் வந்த இடத்தில் கூலி ஏறியது, அந்த இயந்திரத்தின் சீட் ஆணுக்குப் போனது. குனிந்து நாற்று நடும் வேலை யார் உடம்பையும் கெடுக்காது என்பது போல அது பட்டியலுக்கு வெளியே நின்றது.

2019இல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது, 2021 ஜனவரி 1 முதல் அமல். தடை போனது. ஆபத்து என்ன என்று முதலாளி முழுமையாகச் சொல்ல வேண்டும், அந்த வேலையைச் செய்வதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம். ஏரில் ஆரம்பித்த கதையில், 'உனக்கு விருப்பமா?' என்று சட்டம் கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பயணிகள் வந்தார்கள், போனார்கள்

ஜீப் சுற்றுலா என்பதே 1986 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட 'தோய் மோய்' பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பிள்ளை. 1990இல் வியட்நாம் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் இரண்டரை லட்சம். 2019இல் ஒரு கோடியே எண்பது லட்சம். அதில் அமெரிக்கர்களும் கணிசம். தன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய அதே மாடல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, அந்தப் போரின் மறுபக்கத்தை ஒரு வியட்நாம் பெண் சொல்லக் கேட்கும் அமெரிக்கர்கள் உண்டு. இதில் சட்டத்துக்கும் பங்கிருக்கிறது. 2017 சுற்றுலாச் சட்டப்படி வழிகாட்டி உரிமம் வியட்நாம் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போகப் பட்டப்படிப்போ டிப்ளமோவோ வேண்டும், அந்நிய மொழியும் தெரிய வேண்டும். வெளியூர்க்காரர் வந்து இவர்கள் கதையைச் சொல்லிக் காசு பார்க்க முடியாது.

ஆனால் இதை ஒரேயடியாகப் 'பெண் விடுதலை' என்று எழுதிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. விளம்பரத்தில் 'பெண்கள் தலைமையில்' என்று போடுவது வியாபாரத்துக்கும் நல்லது. ஆவோ தாய் ஸ்கூட்டர் பயணத்தில் விற்பது வழிகாட்டலா, அங்கியா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். இன்னொன்று, இந்த வேலையின் அஸ்திவாரம் ஆற்றுமணல். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வியட்நாம் எல்லையை மூடியது. அந்த வருடம் வந்த பயணிகள் சுமார் 38 லட்சம், அதில் பெரும்பகுதி மூடுவதற்கு முன்னால் வந்தவர்கள். முழுமையாகத் திறந்தது 2022 மார்ச் 15. இரண்டு வருடம் வழிகாட்டிகளுக்கு வருமானம் இல்லை. எங்கள் வழிகாட்டி அந்த நாட்களில் இணையத்தில் துணி விற்றாராம். 'மறுபடி ஜீப்புல ஏறினப்ப எப்படி இருந்தது?' என்று என் மனைவி கேட்டதற்கு, 'பேட்டரி செத்துப்போயிருந்தது, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணோம்' என்று சிரித்தார்.

அப்படியிருந்தும் இந்த வேலையில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1968இல் வெள்ளை உடையில் நின்ற பெண்ணிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்கவில்லை. அவள் தெரிந்தால் போதும். லாரி ஓட்டிய பெண்ணிடம் எதிர்பார்த்தது சரக்குப் போய்ச் சேர்வதை. ஜீப்பில் இருக்கும் பெண்ணுக்குப் பேசுவதுதான் வேலை. எதைச் சொல்வது, எதை ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். பாட்டி மண் சுமந்ததை ஒரே வரியில் முடித்ததும் அந்தத் தீர்மானத்தில் சேர்ந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன். அரை நாளில் எட்டுப் பேருக்குச் சோறும் போட்டு, சூளையும் காட்டி, குடும்பத்தின் துக்கத்தையும் விரித்துக் காட்ட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

நீங்கள் ஹனோய் போவதாக இருந்தால் ஒரு யோசனை. ஜீப் பயணத்துக்கு முந்தின நாள் லீ துவோங் கியெட் தெருவில் இருக்கும் வியட்நாம் மகளிர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1995இல் பொதுமக்களுக்குத் திறந்தது. போர்க்காலத் தளத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கிராம வாழ்க்கைத் தளத்தையும் விட்டுவிடாதீர்கள், கலப்பையும் நடவும் அங்கேதான். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் அணைக்கரையில் போனால் வயல் வெறும் பச்சையாகத் தெரியாது. வழிகாட்டியிடம் கேட்க உங்களிடம் நல்ல கேள்விகளும் இருக்கும். அவருக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் சொல்வார்.